தொங்குவதற்கு ஒரு கம்பி



கொஸ்லந்தையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பஸாரில் வாப்பாவின் கடையில் நிற்பவர். வயது பத்தொன்பது. கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் பயிற்சியை, இளைஞர்கள் 'புல்-அப்' என்று சொல்வதை, அவரும் அவருடைய கூட்டாளிமார் இருவரும் பழக ஆசைப்படுகிறார்களாம். ஜிம்முக்குப் போவதென்றால் பண்டாரவளைப் பக்கம் போகவேண்டும். பஸ் காசும் கட்டுப்படியாகாது, கடையை விட்டுப் போக நேரமும் கிடையாது. "கூட்டாளி ஒருவன் தோட்டத்து லயத்தில் இருக்கிறான். அவன் வீட்டு இஸ்தோப்பில் குறுக்காக ஒரு வளை போகிறது. அதில் தொங்கினால் போதாதா நானா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசுவோம், முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

லயத்துக் கூரையின் கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த வளைகளை வைத்தவர்கள் தகரத்தின் பாரத்தைத் தாங்குவதற்காக வைத்தார்கள். தகரத்தின் பாரம் மரத்தின் நீளம் முழுவதும் பரவி, அசையாமல் நிற்கும் பாரம். அறுபது கிலோ மனிதன் நடுவில் தொங்கி, களைத்து, திடீரென்று கீழே இறங்கும்போது ஏற்படும் வெட்டு வேறு. அந்த ஒரு கணத்தில் மரத்தின் மேல் விழும் பாரம் அவனுடைய நிறையைப்போல இரண்டு மடங்காகக்கூட இருக்கும். போதாக்குறைக்கு, மரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான் ஒழுக்குத் தண்ணீர் ஊறும், கறையானும் அங்கேதான் முதலில் ஏறும். வெளியில் பார்த்தால் மரம் நல்ல மரமாகவே இருக்கும்.

"அதே வளையில்தானே பிள்ளைக்கு ஏணை கட்டுகிறோம்?" என்று யாராவது கேட்கலாம். ஏணையில் கிடக்கும் பிள்ளை ஐந்து கிலோ, ஆறு கிலோ. அதுவும் ஒரு விஷயம்: லயத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கூரைதான். உங்கள் கூட்டாளியின் இஸ்தோப்பில் ஒரு மரம் நழுவினால் தகரம் அசைவது அடுத்த காம்பராவிலும்தான். அங்கே ஏணையில் யார் தூங்குகிறார்களோ!

கதவு நிலையில் இறுக்கிப் பொருத்தும் கம்பி என்று ஒன்று கடைகளில் விற்கிறார்கள். நல்ல கொங்கிறீட் சுவரில், உறுதியான நிலை உள்ள வீட்டில் அது சரி. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவரில் நிலையே ஆடிக்கொண்டிருக்கும். அங்கே அது வேண்டாம்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு இந்தப் பயிற்சி எதற்கு? தண்டால் எடுத்தால் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தண்டாலுக்குத் தரை போதும். ஆனால் அது தள்ளும் பயிற்சி. நெஞ்சும் கையின் பின்புறமும் வேலை செய்யும். நம்முடைய அன்றாட வேலையோ பெரும்பாலும் உடம்பை முன்பக்கமாகவே வளைக்கிறது. கடையில் நிற்பவர் தராசுக்கும் மேசைக்கும் குனிகிறார். கொழுந்து எடுக்கும் பெண்கள் நாள் முழுவதும் கைகளை முன்னே நீட்டி, தலையில் மாட்டிய கயிற்றில் பாரத்தைச் சுமந்து நிற்கிறார்கள். இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி வேறு. கழுத்து குனிந்தது குனிந்தபடியே இருக்கிறது. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகளுக்கும், முதுகின் இரு புறமும் விசிறிபோல் விரிந்த தசைக்கும், முன்கைக்கும், விரல்களின் பிடிக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் எதையாவது பிடித்து இழுக்க வேண்டும். வெறும் தரையில் இழுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் கம்பி.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை அசைப்பதோடு, வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று சொல்கிறது. மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு முதலாவது தானாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டாவதைத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கம்பியில் தொங்குவது ஒன்றும் நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் 1811இல் பெர்லினுக்கு அருகே ஹாசன்ஹைட என்ற இடத்தில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இன்றைக்கு ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் கிடைக்கம்பியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலில் அது மரக்கம்புதான். இரும்பு பின்னால் வந்தது. நம்முடைய பக்கத்தில் மல்லர் கம்பம் இருக்கிறது. நட்டுவைத்த ஒரு மரத்தூணைப் பற்றிக்கொண்டே உடம்பு முழுவதையும் பழக்குகிறார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம் அதற்குப் பெயர்போனது. புதுவருட விளையாட்டுகளில் வழுக்குமரம் ஏறும் நம்மூர்ப் பையன்களுக்கு எந்த ஜிம்மில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இனி வேலைக்கு வருவோம்.

வேண்டியது இரண்டு கால்கள், ஒரு குழாய். குழாய் கல்வனைஸ் செய்த இரும்புக் குழாயாக இருக்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் ஓர் அங்குலக் குழாய் என்று கேளுங்கள். வெளி விட்டம் ஏறக்குறைய 34 மில்லிமீற்றர் வரும். ஒலிம்பிக் கம்பியின் விட்டம் 28 மில்லிமீற்றர். ஆனால் அது வேறு வகை உருக்கு. நாம் வாங்கும் குழாய் பொள்ளல் என்பதால் சற்றுத் தடிமனாகவே இருக்கட்டும். அரை அங்குலமும் முக்கால் அங்குலமும் வளைந்துவிடும். சுவர் தடித்த குழாயாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் மெல்லிசான ஒன்றை எடுத்துத் தந்தால் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக் குழாயைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கால்களுக்கு நடுவில் நாலடி போதும். "மூன்று பேர் ஒரே நேரத்தில் தொங்கலாமே" என்று ஆறடி, எட்டடி வைத்தால் ஓர் அங்குலக் குழாய் வில்லாகும். மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுக்கும்போது மற்ற இருவருக்கும் ஓய்வு, அதுவும் பயிற்சியின் பகுதிதான்.

கால்களுக்கு மரம். யூகலிப்டஸ் மரத்தை மலையகத்தில் டர்பன்டைன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நேராக வளர்ந்த, ஐந்து அங்குலத் தடிப்புள்ள டர்பன்டைன் கம்பு இரண்டு கிடைத்தால் யோகம். பட்டையை உரித்துக் காயப்போடுங்கள். தோட்டத்து மரத்தில் கைவைப்பதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள்; விறகுக்கு என்று வெட்டிப் போட்டதிலேயே நல்ல கம்பு கிடைக்கக்கூடும். சிங்களத்தில் 'கொஸ்' என்றால் பலா. ஊரின் பெயரிலேயே பலா இருக்கிறது, பலா மரத்துக்கு உறுதியும் இருக்கிறது. ஆனால் பலாவையும் ஈரப்பலாவையும் நினைத்தபடி வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. ஆலையில் கழித்துப்போட்ட துண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கம்பும் பத்தடி. இரண்டரை அடி மண்ணுக்குள், மிச்சம் ஏழரை அடி வெளியே. மண்ணுக்குள் போகும் பகுதியை நெருப்பில் வாட்டி மேல்தோலைக் கருக்கி, அதன்மேல் தார் பூசினால் கறையானுக்குக் கொஞ்சம் தாமதமாகும். குழியின் அடியில் ஒரு சாண் சல்லி போட்டு, கம்பை நிறுத்தி, ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு கல் என்று கலந்து இறுக்குங்கள். மேற்பரப்பை நில மட்டத்துக்கு மேலே சற்று உயர்த்தி, மழைத்தண்ணீர் மரத்தைச் சுற்றித் தேங்காமல் வெளியே வழியும்படி சரித்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் யாரும் தொங்கக்கூடாது. இதைத்தான் பையன்கள் கேட்கமாட்டார்கள். கொங்கிறீட் காய்ந்து வெளுத்தவுடன் ஒருவன் தாவிப் பார்ப்பான். அன்றைக்கு அசைந்த கால் பிறகு ஒருபோதும் இறுகாது.

குழாயை எப்படிப் பொருத்துவது? இரண்டு கம்புகளிலும் குழாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, ஒரே குழாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் செருகுவதே மேல். இரண்டு புறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். பிறகு மரத்தையும் குழாயையும் சேர்த்து ஒரு போல்ட் போட்டு நட்டால் இறுக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தொங்கும்போது குழாய் உருளும், பிடி வழுக்கும். புரி வெட்டி முழங்கைத் துண்டு மாட்டிப் பொருத்துகிறவர்களும் உண்டு. புரி வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் பாதியாகிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். துளையிட வசதி இல்லையா? தலைப்பில் கவட்டையுள்ள கம்புகளாகப் பார்த்து, கவட்டையில் குழாயை வைத்துத் தடித்த கம்பியால் பல சுற்றுச் சுற்றி முறுக்குங்கள். பழைய காலத்து வழிதான், நன்றாகவே நிற்கும்.

உயரம்: கையை மேலே நீட்டி நின்றால் விரல் நுனிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே குழாய் இருக்கட்டும். விழுந்தாலும் காலில் நிற்கும் உயரம் அது. மூவரில் உயரமானவருக்கு அளவெடுத்து, மற்றவர்களுக்கு ஒரு கல்லையோ மரக்குற்றியையோ படியாக வையுங்கள். அதே கால்களில், மூன்றடி உயரத்தில் இன்னொரு குழாய் போட்டால் மிக நல்லது. சாய்ந்து இழுக்கும் பயிற்சிக்கு அது உதவும். உண்மையைச் சொன்னால் வீட்டிலுள்ள அதிகமானோருக்குப் பயன்படப்போவது அந்தத் தாழ்ந்த குழாய்தான்.

முதல் நாள் மனிதன் தொங்குவதற்கு முன்னால் மூட்டை தொங்கட்டும். மண் நிரப்பிய சாக்குகள், மூவரில் பாரமானவரின் நிறையைப்போல இரண்டு மடங்கு. ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் குழாய் வளைந்திருக்கிறதா, கால்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எங்கே நடுவது?

பெரகலையிலிருந்து வெல்லவாய போகும் பாதையில் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், கொஸ்லந்தையைச் சுற்றி சமதரை என்பது எவ்வளவு அரிது. ஒரு பக்கம் ஏறும் மலை, மறுபக்கம் இறங்கும் பள்ளம். சற்றுத் தூரத்தில் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும விழுகிறது. இப்படிப்பட்ட ஊரில் நாலடிக்கு ஆறடி இடம் வேண்டுமென்றால், பையன்கள் மண்வெட்டியை எடுத்துச் சரிவை வெட்டிச் சமப்படுத்தப் பார்ப்பார்கள். அதைச் செய்யவே கூடாது. சரிவின் அடிவாரத்தில் மண்ணை வெட்டி எடுப்பது அதற்கு மேலேயுள்ள மண்ணின் முட்டை உருவிவிடுவதற்குச் சமம். மண்சரிவு அபாயத்தைக் கூட்டும் மனித வேலைகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது.

மீரியபெத்தையை நினைவூட்ட வேண்டுமா? 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போகிற வேளையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பல உயிர்களை இழந்தது. இரண்டு குழி தோண்டுவதால் மலை சரிந்துவிடாது, நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கொஸ்லந்தையில் ஒரு கம்பு நடுவதற்கும் கல்முனையில் நடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே, ஏற்கெனவே சமமாக இருக்கும் இடத்தையே தேடுங்கள். விளையாட்டு மைதானத்தின் ஓரம், கடையின் பின்முற்றம், பள்ளிக்கூட வளவு (அதிபரிடம் கேட்டு). மண் அணையின் விளிம்பு வேண்டாம், புதிதாக நிரப்பிய மண் வேண்டாம், தண்ணீர் ஓடும் கான் பக்கமும் வேண்டாம். நட்ட பிறகு, கால்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று நூல் குண்டு கட்டிப் பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் அவை சாய்ந்தால், "கொங்கிறீட் சரியில்லை" என்று நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். சுற்றிப் பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு இருக்கிறதா? மரங்களும் மின்கம்பங்களும் அதே பக்கம் சாய்கின்றனவா? தண்ணீர் வராத இடத்தில் கலங்கல் தண்ணீர் ஊறுகிறதா? வீட்டுக் கதவு திடீரென்று இறுகுகிறதா? இருந்தால் கம்பியை மறந்துவிட்டு வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். கிராம சேவகருக்கும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

மரத்தில் தொங்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கொய்யா மரத்தின் கை பருமனான பச்சைக் கிளை, பலாவின் தாழ்ந்த கிளை, இவை நல்லவை. தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தின் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும், அல்பீசியாவும் அப்படியே. கிளை தடித்திருந்து பிடி எட்டாவிட்டால் துவாயை அதன்மேல் போட்டு இரண்டு தலைப்பையும் பிடித்துத் தொங்கலாம். கயிறு கட்டினால் பயிற்சி முடிந்தவுடன் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். சுருக்குப்போல் தொங்கும் கயிறு சின்னப் பிள்ளைகளின் கழுத்துக்கு எமன்.

கம்பி கிடைத்துவிட்டது, இனி? முதல் நாளே எட்டுப் பத்து எடுக்க நினைத்தால் நடக்காது. அது வெட்கப்பட வேண்டிய விஷயமும் அல்ல. இந்திய இராணுவத்தின் ஆட்சேர்ப்பு முகாம்களில் பத்து முறை எடுத்தவனுக்குத்தான் முழுப் புள்ளியான 40. குறைந்தது ஆறு முறை எடுக்க வேண்டும். அதற்காகவே தமிழ்நாட்டுக் கிராமத்து இளைஞர்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். அமெரிக்க மரைன் படையில் 2013இல் பயிற்சிக்கு வந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரால் மூன்று முறைகூட எடுக்க முடியவில்லை என்று தெரிந்து, கட்டாயமாக்கும் திட்டத்தையே தள்ளிப்போட்டார்கள்.

ஆகவே படிப்படியாக. முதல் இரண்டு வாரம் வெறுமனே தொங்குங்கள். பத்து விநாடி, பிறகு இருபது, முப்பது. உள்ளங்கை எரியும், பழகிவிடும். தொங்கும்போது தோள் காதுவரை ஏறி நிற்கும். முழங்கையை மடக்காமல், தோள்பட்டைகளை மட்டும் கீழே இழுத்து விடுங்கள். சின்ன அசைவுதான், ஆனால் அதுதான் அஸ்திவாரம். அடுத்தது இறங்கும் பயிற்சி. குற்றியில் ஏறி நின்று நாடி கம்பிக்கு மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். இப்படி மூன்று, நாலு முறை. ஏறத் தெரியாதவனுக்கு ஏறும் பலத்தை இறக்கமே கொடுக்கும். உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி பிடித்தால் சற்று இலகு. பழைய சைக்கிள் டியூப்பைக் கம்பியில் வளையமாகக் கட்டி அதில் ஒரு காலை வைத்தால் அது உங்களைக் கொஞ்சம் தூக்கிவிடும். வெடிப்பில்லாத டியூப்பாகப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாள் ஓய்வு. மூச்சை அடக்காதீர்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்; மோதிரம் குழாயில் மாட்டிக்கொண்டு உடம்பு கீழே இறங்கினால் விரலின் தோல் முழுவதும் உரிந்து வந்துவிடும். சால்வையோடு, தொங்கும் துணியோடு ஏறவேண்டாம். காலை உதறி உதறி ஏறுவது எண்ணிக்கையைக் கூட்டும், பலத்தைக் கூட்டாது. தோளில் குத்தும் வலியோ கையில் விறைப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், தொடர்ந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

நோன்பு மாதத்தில் இதை நோன்பு திறந்து, உணவு செரித்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கையைக் கூட்ட அது மாதமல்ல.

கம்பியே இல்லாதவர்களுக்கு என்ன வழி? இந்தப் பகுதியை வீட்டிலுள்ள பெண்கள் கவனமாக வாசிக்க வேண்டும். மைதானத்துக் கம்பி அவர்களுக்கு எட்டாது, வீட்டுக்குள்ளேயே முடியவேண்டும்.

உறுதியான கதவு நிலையின் ஒரு பக்க மரத்தை இரு கைகளாலும் பிடித்து, பாதங்களை அதன் அருகே வைத்து, முழங்கை நீளும்வரை பின்னால் சாயுங்கள். பிறகு நெஞ்சை நிலைக்கு இழுங்கள். நிலை ஆடினால் இதையும் விடுங்கள். அல்லது ஒரு பழைய சாரத்தின் நடுவில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு மறுபக்கம் இருக்கும்படி கதவின் மேல் இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தித் தாழிடுங்கள். கதவு உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறப்பதாக இருக்கவேண்டும். அப்போதுதான் நீங்கள் இழுக்க இழுக்க அது நிலையோடு இறுகும். உங்கள் பக்கம் திறக்கும் கதவென்றால் முகத்தில் வந்து அடிக்கும்! சாரத்தின் இரு தலைப்பையும் பிடித்துச் சாய்ந்து இழுங்கள். காலை முன்னே நகர்த்த நகர்த்தக் கடினமாகும்.

இரண்டு கதிரைகளுக்கு நடுவில் தும்புத்தடியை வைத்து அடியில் படுத்து இழுக்கும் வித்தையைப் படங்களில் காட்டுகிறார்கள். தும்புத்தடி முறிந்தால் முகம் கீழேதான் இருக்கிறது. செய்யாதீர்கள். பாரமான மரமேசை இருந்தால் அதன் அடியில் படுத்து விளிம்பைப் பிடித்து இழுக்கலாம். மேசை கவிழாதபடி மறுபக்கத்தில் ஒருவர் உட்காரட்டும்.

பத்து லீற்றர் வாளியில் நிரம்பத் தண்ணீர் பத்துக் கிலோ. ஒரு கையை மேசையில் ஊன்றி, முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கி, மறு கையால் வாளியை இடுப்புவரை இழுத்து இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து முறை. பாதி வாளியில் தொடங்கலாம். தண்ணீர் எடுக்கப் போகும் வழியிலேயே முடிந்துவிடும் பயிற்சி இது.

எதுவுமே இல்லாவிட்டால் பாயில் குப்புறப் படுத்து, நெற்றியைத் தரையில் வைத்து, இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள். கைகளைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி, முழங்கைகளை மடக்கி விலாவுக்கு இழுத்து, மீண்டும் நீட்டுங்கள். இலகுவாகத் தோன்றும். பன்னிரண்டாவது முறையில் சொல்லுங்கள் பார்ப்போம்.

நீரிழிவு உள்ள உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. தோள் இறுகிப்போய்க் கை உயராத நோய் நீரிழிவுக்காரர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அப்படி இருப்பவர்கள் எதிலும் தொங்கக்கூடாது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்திபோல மேலே மேலே நடக்கவிட்டு, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறக்குங்கள். சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக, கம்பி நட்டவர்களுக்கு இன்னொரு சிறு வேலை. குழாயின் இரண்டு வாயும் திறந்தே இருக்கும். தோட்டப் புறங்களில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. இருண்ட பொந்து எங்கே கிடைக்கும் என்று பார்த்திருக்கும் பூச்சிகளுக்கு உங்கள் குழாய் கட்டி முடித்த வீடு. ஆகவே இரண்டு வாயையும் மரத்தக்கை அடித்தோ சீமெந்து வைத்தோ அன்றைக்கே அடைத்துவிடுங்கள். கவட்டையிலும் மரத்துளையைச் சுற்றியும் வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மழைக்குப் பிறகு முதலில் தொங்குகிறவர் குழாயைத் துணியால் துடைத்துவிட்டுத் தொங்கட்டும்.